நிவாரணம் பிச்சையல்ல

கொடைக்கானல் மலைமேல் சூரியனை ஆராயும் நிலையம் ஒன்று இருப்பதை நேயர்கள் பலரும் அறிவார்கள். 1899-ம் வருஷத்தில் ஏற்பட்ட அந்த நிலையம் எதனால் தோன்றிற்று என்பதை அறிந்தவர் சிலரே. 1876 முதல் 1878 வரையில் சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்தனர். மழை ஏன் பொய்க்கிறது, அதற்கும் சூரியனுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராயவேண்டுமென்ற எண்ணம் அதன் பிறகே சர்க்காருக்கு உதித்தது.

ஆனால் அந்த சர்க்கார் ஆராய மறந்த விஷயம் ஒன்று உண்டு. தென்னாட்டில் ஜனங்கள் கஞ்சிக்கு வழியின்றிச் செத்துக்கொண்டிருக்கையில், 1877-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி, வைசிராய் லிட்டன் பிரபு டில்லியிலே தர்பார் கூட்டி, விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்துகொண்டிருந்தார். நிவாரணச் செலவைச் சுருக்குவதற்கென்று அவர் அனுப்பிய ஸர் ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுதும் மண் வெட்டும் ஆளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று விதித்தார். சூரியனை விசாரிக்க மலையுச்சியில் நிலையம் கட்டிய ராஜாங்கம், வைசிராயை விசாரிக்க எந்த நிலையமும் கட்டவில்லை.

அது அந்நிய ராஜாங்கம். பிரஜைகளுக்குப் பதில் சொல்லும் கடமை தனக்கில்லையென்று அது எண்ணியதில் வியப்பொன்றுமில்லை. ஆனால் நாமே வாக்களித்து நாமே ஏற்படுத்தும் சர்க்கார்களும் அதே வழக்கத்தைக் கைக்கொள்ளலாமா? இக்கேள்வியை நாம் கேட்கும்படி செய்தது, அதே மலையின்மீது ஏறிவந்த கஜா புயல்.

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டு, மேற்கே நகர்ந்து திண்டுக்கல் ஜில்லாவினுள் புகுந்தது. புயல் என்றால் அது கடலோரத்தார் கவலை என்றிருந்த பழனி மலைவாசிகள், அன்று தங்கள் வாசலிலேயே அதைக் கண்டனர். வத்தலக்குண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் மேலே செல்லும் மலைப்பாதைகளில் மரங்கள் விழுந்தும் மண் சரிந்தும் போக்குவரத்து அறுந்தது. மின்சாரம் நாட்கணக்கில் இல்லை. மண்சரிவில் உயிர்களும் போயின.

கோடையில் உல்லாசமாக வந்து ஏரியில் படகு விட்டுத் திரும்பும் சீமான்களுக்கு இம்மலை ஒரு சொகுசு ஸ்தலமாக இருக்கலாம். தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் பெரும்பாறையிலும் வாழ்கிறவனுக்கோ இது வயல். காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு என்று அவன் பயிரிடுவதெல்லாம் ஒரு போகத்தில் போட்டு மறு போகத்தில் எடுக்கும் பண்டங்கள் அல்ல. நிழல் மரம் ஒன்று சாய்ந்தால், அதைத் தழுவி ஏறிய மிளகுக் கொடியும் போகிறது. கீழே நிற்கும் காப்பிச் செடியும் நொறுங்குகிறது. புதிதாக நட்ட காப்பிச் செடி பலன் கொடுக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். நிழல் மரம் தலையெடுக்க அதைவிட அதிக காலம் ஆகும். இன்னும் மேலே பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறவனுக்குப் பாதை அடைபட்டால் பாதி விளைவு நஷ்டம். தோட்டங்களில் தினக்கூலிக்குச் செல்லும் பளியர் முதலிய ஏழை ஜனங்களுக்கு, தோட்டம் அழிந்த அன்றைக்கே அடுப்பும் அணைகிறது.

இப்படிப்பட்டவனுக்குச் சட்டம் என்ன கொடுத்தது? 2015 முதல் 2020 வரை அமலிலிருந்த மத்திய சர்க்காரின் நிவாரண விதிகளின்படி, காப்பி, மிளகு போன்ற நெடுங்காலப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.18,000 மட்டுமே, அதாவது ஏக்கருக்கு ஏழாயிரத்துச் சொச்சம், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைக்குந்தான். இது நஷ்ட ஈடு அல்ல, உதவித் தொகைதான் என்று சர்க்காரே விளக்கமும் சொல்லிற்று. விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தும் கூலிக்கே இது காணுமா என்று எந்தத் தோட்டக்காரனைக் கேட்டாலும் தெரியும்.

தொகை சொற்பம் என்பது ஒரு குறை. அந்தச் சொற்பமும் காலத்தில் வரவில்லை என்பதே பெருங்குறை. நாட்களை வரிசையாக எண்ணிப் பார்ப்போம். நவம்பர் 16-ந் தேதி புயல். 20-ந் தேதி முதல் மந்திரி ஸ்ரீ எடப்பாடி பழனிசாமி ஹெலிகாப்டரில் புறப்பட்டு, கெட்ட வானிலையினால் சில ஜில்லாக்களோடு திரும்பினார். 22-ந் தேதி அவர் டில்லி சென்று பிரதம மந்திரியைக் கண்டு, ரூ.15,000 கோடி வேண்டுமென்றும், அதில் ரூ.1,500 கோடியை உடனடியாக அனுப்பவேண்டுமென்றும் கேட்டார். அதன் பிறகே மத்தியக் குழு வந்தது. டிசம்பர் ஆரம்பத்தில் ரூ.353.70 கோடி விடுவிக்கப்பட்டது. டிசம்பர் 31-ந் தேதி, அதாவது புயல் அடித்த 45-ம் நாள், ரூ.1,146.12 கோடிக்கு உயர்மட்டக் கமிட்டி அனுமதி அளித்தது. இரண்டையும் கூட்டினால் ரூ.1,499.82 கோடி. முதல் வாரத்தில் அவசரத்துக்கென்று கேட்ட தொகைதான், வருஷத்தின் கடைசி நாளில், முழு நிவாரணமாக முடிந்தது!

பிரதம மந்திரி ஸ்ரீ நரேந்திர மோதி டெலிபோனில் பேசினார், அனுதாபம் தெரிவித்தார், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வட மாநிலங்களில் தேர்தல் பிரசாரத்துக்கு அகப்பட்ட நேரம், வீடிழந்த தமிழ் மக்களை நேரில் காண அகப்படவில்லை. ராணுவ மந்திரி வந்து பார்த்தார். பிரதம மந்திரியோ 2019 ஜனவரி 27-ந் தேதி, புயலின் 72-ம் நாள், மதுரைக்கு வந்தார். வந்தது ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரக் கல் நாட்டுவதற்கு.

“பிரதம மந்திரி வந்தால் விழுந்த மரம் எழுந்து நிற்குமா?” என்று அவருடைய அபிமானிகள் கேட்கலாம். நில்லாது. ஆனால் 2005-ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவைப் புரட்டிப் பார்க்கட்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் யார்? பதவி வழியில் பிரதம மந்திரியே. யாரோ ஒரு இலாகா உத்தியோகஸ்தர் தலையில் சுமத்தித் தப்பித்துக்கொள்ள முடியாதபடி, பார்லிமெண்டு வேண்டுமென்றே அப்பொறுப்பை நாட்டின் முதல் மனிதரிடம் ஒப்படைத்திருக்கிறது. பதவியின் கௌரவத்தை ஏற்றுக்கொண்டவர், அதன் கேள்விகளையும் ஏற்றுக்கொள்ளவேண்டும்.

இது ஒரு கட்சியைக் குறித்த புகார் என்று எவரும் நினைக்கவேண்டாம். 2018-ல் சென்னையிலிருந்த சர்க்கார் டில்லிக்கு இணக்கமானது. 2023-ல் இருந்த சர்க்கார் டில்லிக்கு எதிரானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், அதே மாதம் தென் ஜில்லாக்களில் பெருவெள்ளமும் வந்தன. இரண்டுக்குமாகக் கேட்டது சுமார் ரூ.37,900 கோடி. பணம் வராமற்போகவே, தமிழ்நாடு சர்க்கார் 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டவேண்டி வந்தது. அம்மாதக் கடைசியில் தேசிய நிதியிலிருந்து விடுவிக்கப்பட்டது சுமார் ரூ.276 கோடி. நண்பனுக்கும் தாமதம், எதிரிக்கும் தாமதம் என்றால், கோளாறு ஆட்களோடு நிற்கவில்லை. பதில் சொல்லாமலிருக்க இடங்கொடுக்கும் ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

அந்த ஏற்பாடு எப்படிப்பட்டது? மாநிலம் மனு எழுதவேண்டும். மத்தியக் குழு வந்து பார்க்கவேண்டும். குழுவின் அறிக்கை ஒரு உபகமிட்டிக்குப் போகவேண்டும். அங்கிருந்து உயர்மட்டக் கமிட்டிக்குப் போகவேண்டும். ஒவ்வொரு படியிலும் எத்தனை நாள் என்பதற்குக் கண்டிப்பில்லை. கேட்டதில் எதை வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று ஜனங்களுக்குச் சொல்வாருமில்லை. மாநிலம் வேண்டுமென்றே பெருக்கிக் கேட்கிறது என்கிறது டில்லி. டில்லி வேண்டுமென்றே குறைத்துக் கொடுக்கிறது என்கிறது சென்னை. இரண்டில் எது உண்மை என்று தெரியாமல் நடுவே நிற்கிறவன் தாண்டிக்குடிக் குடியானவன்.

மாநில சர்க்காரையும் நாம் விடப்போவதில்லை. கஜா வருமுன்னர் கரையோரத்திலிருந்து எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டவரை அப்புறப்படுத்தியது பாராட்டத்தக்க காரியம். மழையிலும் சேற்றிலும் மின்கம்பம் நட்ட தொழிலாளர்களுக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் புயல் ஓய்ந்தபின் கிராமங்களுக்குத் தண்ணீரும் வெளிச்சமும் போய்ச் சேரவில்லையென்று ஜனங்கள் சாலையை மறித்தனர். சரிவுகளைக் குடைந்து கட்டிடம் எழுப்ப இடங்கொடுத்துவிட்டு, மண் சரிந்தபின் இயற்கையின்மேல் பழிபோடும் வழக்கமும் மலையில் நின்றபாடில்லை. டில்லியைக் கணக்குக் கேட்கும் சென்னை, தன் கணக்கையும் விரித்து வைக்கவேண்டும்.

“ஆபத்துக் காலத்தில் அரசியல் பேசலாமா?” என்று உபதேசம் செய்வோரும் உண்டு. உலக சரித்திரம் அவர்களுக்கு வேறு பாடம் சொல்லும். 1970 நவம்பரில் கிழக்கு வங்காளத்தில் அடித்த புயலில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். மேற்கே இருந்த யாஹ்யா கான் சர்க்கார் அசட்டையாக இருந்தது. அடுத்த மாதமே நடந்த தேர்தலில் கிழக்கு வங்காளத்தார் 162 ஸ்தானங்களில் 160-ஐ அவாமி லீகுக்குக் கொடுத்துத் தங்கள் தீர்ப்பைச் சொல்லினர். அடுத்த வருஷம் பங்களாதேசம் தனி நாடாயிற்று. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவில் கத்ரீனா புயல் வந்தபோது ஜனாதிபதி புஷ் ஆகாய விமானத்திலிருந்து ஜன்னல் வழியே பார்த்துச் சென்றார். அவருக்கு ஏற்பட்ட அபவாதம் கொஞ்சமல்ல. இரண்டு வாரத்துக்குள் நிவாரண இலாகாத் தலைவர் ராஜிநாமா செய்தார். ஜனாதிபதி பொறுப்பை ஒப்புக்கொண்டார். அவருடைய கட்சியினரே நடத்திய காங்கிரஸ் விசாரணை, சர்க்காரின் தவறுகளை அறிக்கையாக வெளியிட்டது. கேள்வி கேட்டதனால் அமெரிக்கா உடைந்துவிடவில்லை. கேட்க இடமில்லாத நாடுதான் உடைந்தது.

நம்முடைய சுப்ரீம் கோர்ட்டும் வழிகாட்டியிருக்கிறது. கொரோனா நோயில் இறந்தோர் குடும்பங்களைப்பற்றிய வழக்கில், 2021 ஜூன் 30-ந் தேதி, அச்சட்டத்தின் 12-வது பிரிவில் சொல்லிய குறைந்தபட்ச நிவாரணத்தை வகுப்பது ஆணையத்தின் கட்டாயக் கடமை, இஷ்டத்துக்கு விட்ட காரியமல்ல என்று தீர்ப்பாயிற்று. ஆகவே நிவாரணம் பிச்சையல்ல. வரி கொடுத்தவன் ஆபத்தில் திரும்பக் கேட்கும் பாத்தியதை. பாத்தியதை என்றால், கொடுக்கவேண்டியவர் தவணை சொல்லவேண்டும். தவறினால் காரணம் சொல்லவேண்டும்.

நாம் கேட்பவை நான்கு. புயல் கரையேறிய ஏழு நாட்களுக்குள், குழு வரும்வரை காத்திராமல், முன்பணம் ஒன்று சட்டப்படி போய்ச் சேரவேண்டும். மாநிலத்தின் மனுவும், மத்தியக் குழுவின் அறிக்கையும், அனுமதித்த தொகையும், வெட்டியதற்குக் காரணமும் முப்பது நாட்களுக்குள் பார்லிமெண்டிலும் சட்டசபையிலும் வைக்கப்படவேண்டும். ஆணையத்தின் தலைவராகிய பிரதம மந்திரி, ஒவ்வொரு பெரும் விபத்துக்குப் பின்னும், சபையில் எழுந்து கேள்விகளுக்குத் தாமே பதில் சொல்லவேண்டும். நஷ்டம் மதிப்பிட வரும் குழு, மோட்டார் போகும் சாலையோடு நிற்காமல் மலைக்கிராமங்களுக்கும் ஏறவேண்டும். நெடுங்காலப் பயிரை, அது மறுபடி பலன் தரும் வருஷங்களைக் கணக்கிட்டு மதிக்கவேண்டும். 2022-ல் ஹெக்டேருக்கு ரூ.22,500 என்று விதியை உயர்த்தியது, இக்குறைக்குப் பரிகாரம் ஆகாது.

இவை எவருக்கும் அசாத்தியமான காரியங்கள் அல்ல. அஸ்திவாரக் கல்லுக்கு நாள் குறிக்கத் தெரிந்தவர்களுக்கு, நிவாரணத்துக்கும் நாள் குறிக்கத் தெரியும்.

கஜா சூறையாடிய ஊர்களில் திருவாரூரும் ஒன்று. கன்றை இழந்த பசு மணியடித்தது என்று கேட்டு, அரண்மனையை விட்டு வீதிக்கு இறங்கிவந்த சோழனுடைய ஊர் அது. அவன் பெயரால் இன்றும் தமிழ்நாட்டில் மனுநீதி நாள் என்று குறித்து, ஜில்லா அதிகாரிகள் ஜனங்களிடம் மனு வாங்குகிறார்கள். மனு வாங்கும் நாள் ஏற்பட்டுவிட்டது. பதில் சொல்லும் நாள்தான் இன்னும் ஏற்படவில்லை. அடுத்த புயல் வங்காள விரிகுடாவில் உருவாகுமுன், அந்த நாளைக் குறிக்கும்படி செய்வது வாக்காளர் கையில் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு மலையேறி வருகிறவர் எக்கட்சியினராயினும், மாலையிடுமுன் இந்த நான்கையும் அவரிடம் கேட்கவேண்டும். பதில் சொல்லாதவரை வந்த வழியே இறங்கிப் போகச் சொல்லவேண்டும்.