நிறுத்தச் சொன்னால் என்ன கேட்பது?



புற்றுநோய்க்குக் கீமோதெரபி மருந்து ஏற்றினால், பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் மிகவும் குறையும். அந்நிலையில் மருந்தைத் தொடர்ந்தால் தொற்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மருத்துவர் "நிறுத்துங்கள்" என்பது பெரும்பாலும் தள்ளிவைப்பதே, கைவிடுவதல்ல.

கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருகிறவர் இதை அறியாமல் வீடு திரும்பினால், சிகிச்சையே நின்றுபோகும். ஆகவே நோயாளிகளுக்குச் சொல்லுகிறோம்: தாழ்மையாய், ஆனால் தயங்காமல் கேளுங்கள். எத்தனை நாள் நிறுத்தம்? மறுபடி இரத்தப் பரிசோதனை எப்போது? மருந்தின் அளவைக் குறைக்கலாமா? அணுக்களைப் பெருக்கும் ஊசி உதவுமா? பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அந்நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வரவேண்டும்.

பஸ் கட்டணமில்லாமல் ஒருவரும் மறுபரிசோதனையைத் தவறவிடாதபடி ஜெபியுங்கள், உதவுங்கள்.