நெற்பெயர் ஆராய்ச்சியும் மின்னூலகத் துணையும்

தமிழாராய்ச்சிக்கு வேண்டிய கருவிகள் நெடுங்காலம் ஒரு சில நகரங்களிலேயே தங்கியிருந்தன. சுவடி காண விரும்புவோர் தஞ்சைச் சரசுவதி மகாலுக்கோ, சென்னையிலுள்ள உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்திற்கோ செல்லவேண்டும். பழைய அச்சுப்பதிப்பு வேண்டினும் அதே நிலைதான். காவிரிக் கழிமுகத்தின் தென்பாகத்தில் அமைந்த திருத்துறைப்பூண்டி போன்றதோர் ஊரில் வாழும் மாணவர்க்குச் சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. ஒரு பக்கத்தை ஒப்புநோக்குதற்கும் பொருளும் காலமும் பெரிதும் செலவாயின. கடந்த முப்பதாண்டுகளில் இந்நிலை மாறியுள்ளது. மாறுதலின் இயல்பையும், புதிய கருவிகளை ஆராய்ச்சியாளர் கையாளவேண்டிய முறையையும் ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டு நெல்லைப் பற்றியது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006ஆம் ஆண்டு முதல் மரபு நெல்லுக்கெனத் திருவிழா நடைபெறலாயிற்று. அதனை முன்னின்று நடத்தி, 2018-இல் மறைந்த 'நெல்' செயராமன் 170-க்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளைத் தேடித் தொகுத்தார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவை, பூங்கார் என்றாற்போன்ற பெயர்கள் அதன் பயனாக மீண்டும் மக்கள் நாவில் வழங்குகின்றன. இத்தகைய பெயர்களுள் பழைய நூல்களிற் பயின்றவை எவை, உழவர் வழக்கில் மட்டும் நின்றவை எவை என ஒரு முதுகலை மாணவர் ஆராயப் புகுகின்றார் எனக் கொள்வோம். அவர்க்குத் துணையாவன யாவை?

முதலில் நோக்கற்பாலது அகராதி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, இன்று சிகாகோப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் எவரும் பயன்கொள்ளுமாறு உள்ளது. நூல்வழக்கிற்கு மேற்கோளும் வட்டார வழக்கிற்குக் குறியீடும் தருதலின், நம் மாணவர் தம் பெயர்ப்பட்டியலை இதனைக்கொண்டே முதற்கண் பகுத்துக்கொள்ளலாம்.

அடுத்து மூலநூல்கள். நெல்வகைகளைப் பெயர்சுட்டி அடுக்கிக் கூறும் இயல்புடையவை பள்ளு நூல்கள். முக்கூடற்பள்ளு இதற்குத் தக்க சான்றாகும். பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கப்பெற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017-இல் திறக்கப்பெற்று, பழைய பதிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படிவ வடிவிற் காட்டுகின்றது. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய அரிய நூல்களைக் கொண்டு 1994-இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகமும் அச்சுச் செல்வத்தைப் பேணும் பணியிற் குறிப்பிடத்தக்கது.

பிறர் செய்த ஆய்வுகளை அறிதற்கும் வழியுண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர்பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' என்னும் களஞ்சியத்திற் சேர்க்கப்பெறுகின்றன. ஒருவர் முடித்த பொருளை மற்றொருவர் அறியாது மீண்டும் தொடங்கும் வீண்முயற்சியை இது தவிர்க்கும். 2025 சனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்தின்கீழ் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மத்திய மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. 2009-இல் தோன்றி, திருவாரூரை அடுத்த நீலக்குடியில் இயங்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களின் மாணவர், பயிரியலறிஞரும் வரலாற்றறிஞரும் நெல்லைப்பற்றி எழுதும் கட்டுரைகளை இனி இருந்த இடத்திலிருந்தே படிக்கலாம். தமிழில் வெளிவரும் ஆய்விதழ்களை நாடுவோர்க்கு இத்திட்டம் பெரிதும் பயன்படாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கருவிகள் பெருகின. அவற்றைக்கொண்டு பெறும் முடிவுகள் எவ்வளவு உறுதியுடையன என்பதே அடுத்து எழும் வினா. கணிப்பொறியில் ஒரு சொல்லை இட்டுத் தேடி, 'கிடைக்கவில்லை' என விடை வந்தால், அச்சொல் அந்நூலில் இல்லை என்று முடிவுகட்டும் வழக்கம் மாணவரிடையே பரவி வருகின்றது. இது பிழையான முடிவுக்கு வழிகோலும். காரணங்கள் நான்கு.

முதலாவது, புணர்ச்சி. 'நெல்' எனத் தேடின் 'நெல்லும்' கிடைக்கும்; 'நெற்கதிர்', 'நென்மணி' என்பன கிடையா. நன்னூல் கற்றவர்க்குத் திரிபு தெரியும், பொறிக்குத் தெரியாது. ஆதலின் நெற், நென் என்னும் திரிந்த வடிவங்களையும் தனித்தனியே தேடல் வேண்டும்.

இரண்டாவது, எழுத்தைக் கணிப்பொறி கொள்ளும் முறை. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் என்பது நம் இலக்கணம். ஒருங்குறியோ அகரமேறிய உயிர்மெய்யையே அடியாகக் கொண்டு, அதன்மேற் புள்ளியிட்டு மெய்யைப் பெறுகின்றது. ஆகவே 'கார்' எனத் தேடுவோர்க்கு 'காரும்' என்பது அகப்படாமற் போகலாம். புள்ளியை நீக்கிக் 'கார' என இட்டாலோ, காரணம், காரிகை, அதிகாரம் ஆகிய அனைத்தும் வந்து குவியும். அவற்றுள்ளும் நெல்லைக் குறிக்கும் கார் எது, மழையைக் குறிக்கும் கார் எது, கருமையைக் குறிக்கும் கார் எது எனப் பிரித்தறிவது படிப்பவர் கடமையாகவே நிற்கும்.

மூன்றாவது, அச்சுமுறை. செய்யுளைச் சீர்பிரித்து அச்சிடுங்கால் ஒரே சொல் இரண்டு சீர்களிற் பிளவுண்டு நிற்றல் உண்டு. இடையே வெளி விட்டவிடத்துப் பொறி அதனை ஒரு சொல்லாகக் காணாது. மேலும், படிவப் பக்கங்களை எழுத்துணரி கொண்டு எழுத்தாக்கும்போது, 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட ணா, றா, னா, லை, னை முதலியவற்றின் பழைய வடிவங்கள் பிழைபட உணரப்படுதல் கூடும்.

நான்காவது, பாடவேறுபாடு. 1894-இற் புறநானூற்றை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், பிரதிபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டிச் சென்றார். மூலத்தை மட்டும் தட்டெழுதிய மின்பதிப்பில் அவ்வடிக்குறிப்புகளும் உரையும் இடம்பெறா. ஒரு நெற்பெயர் மூலத்தில் இல்லாது, பாடவேறுபாட்டிலோ உரையிலோ இருத்தல் கூடுமன்றோ? எனவே மின்பதிப்பு எந்த அச்சுப்பதிப்பை அடியொற்றியது என்பதை முகப்பிற் கண்டறிந்து, தேடிக்கண்ட இடத்தைப் படிவப் பக்கத்தோடு ஒப்பிட்ட பின்னரே மேற்கோள் தருதல் முறையாகும்.

இவற்றால், தேடுதல் படித்தலுக்கு முன்னோடியேயன்றி அதற்கு ஈடன்று என்பது பெறப்படும். 'உளது' என்று காட்டுதற்குப் பொறி போதும். 'இலது' என்று கூறுதற்கு நூல் முழுவதையும் படித்தல் வேண்டும்.

மின்னூலகத்தின் பயன் எளிமையோடு நின்றுவிடுவதன்று. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே இடத்திலிருந்த ஒரே படி ஒரே இரவில் மறையக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்திற் சேர்த்துவரும் 'நூலகம்' என்னும் முயற்சி, படிகள் பல இடங்களில் இருத்தலே காவல் என்னும் உண்மைக்குச் சான்றாக விளங்குகின்றது.

எனினும் எந்நூலகத்திலும் ஏறாத பெயர்களும் உள்ளன. வயலில் உழவர் வழங்கும் நெற்பெயர்கள் பலவற்றிற்கு ஏட்டுச்சான்று இல்லை. அவற்றின் பொருளும் ஒலிப்பும் முதியோர் நாவிலேயே உள்ளன. அச்சான்றைத் தேடிச் சென்னையிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் ஆராய்ச்சியாளர் திருத்துறைப்பூண்டிக்கு வரல்வேண்டும். நூல்கள் தம் இல்லம் தேடி வந்துவிட்ட இக்காலத்தில், அவ்வூர் மாணவர் இருவகைச் சான்றிற்கும் அண்மையில் இருக்கின்றார். கேட்ட பெயரை, கூறியவர் ஊரும் கேட்ட நாளும் குறித்து, ஒலிப்பதிவுடன் பொதுக் களஞ்சியம் ஒன்றிற் சேர்ப்பாராயின், மின்னூலகத்திற் கொண்டதற்கு அவர் கொடுத்ததும் ஆகும்.