நீல ரத்தத்தின் பட்டறைக்குள் ஒரு நடை!

பினாங்கின் நிபோங் திபாலில் கிரியான் ஆற்றுப் படகில் ஏறினால் எல்லாருடைய கண்ணும் மரத்து மின்மினிகள் மேல்தான். இன்றைக்கு மட்டும் சேற்றுப் பக்கம் திரும்புங்கள்! மலாக்கா நீரிணைக் கரையின் சதுப்புச் சேறுதான் பெலாங்காஸின் வீடு. அதாவது, குதிரைலாட நண்டு. பெயர்தான் நண்டு, உறவெல்லாம் சிலந்தியோடும் தேளோடும். சுமார் 45 கோடி ஆண்டு வம்சம்! ரத்தத்தில் செம்பு, காற்றுப் பட்டதும் நீலமாகிவிடும்!

சுங்கை பாக்காப் மருத்துவமனையில் ஏறும் ட்ரிப்ஸ், பத்து காவான் ஆலைகளில் தயாராகும் மருத்துவக் கருவி... உடம்புக்குள் போகும் இவற்றில் பாக்டீரியா நச்சு வரம்பை மீறக் கூடாது. கிருமி செத்தாலும் அந்த நச்சு சாகாது. அதைக் காட்டிக்கொடுப்பது இந்த நீல ரத்தம்! 1956-இல் ஆய்வாளர் ஃபிரடெரிக் பாங் கண்ட உண்மை இது. இந்த ரத்தச் சோதனை வரும்வரை முயலுக்கு ஊசி போட்டு, காய்ச்சல் வருகிறதா என்று காத்திருந்தார்கள்.

வாருங்கள், பட்டறைக்குள் எட்டிப் பார்ப்போம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் பிடித்த நண்டுகளை வளைத்துச் சட்டத்தில் வரிசையாகக் கட்டுகிறார்கள். ஓட்டின் மூட்டில், இதயத்துக்கு மேலே, ஊசி. புட்டியில் சொட்டுச் சொட்டாக இளநீலம்! சுழற்றி ரத்த அணுக்களைப் பிரித்து, நீரில் வெடிக்கவிட்டு, உலர்த்துகிறார்கள். அந்தப் பொடியோடு மருந்தைச் சேர்த்து 37 டிகிரியில் 1 மணி நேரம். பிறகு குழாயை அப்படியே தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள்! வழிந்தால் மருந்து தேறியது; தயிராய் உறைந்து நின்றால் நச்சு!

நண்டுக்கு என்ன ஆகிறது? ஒரே தடவையில் சுமார் 30 சதவீத ரத்தம் போகிறது. கடலில் விட்ட பிறகும் 15 முதல் 30 சதவீதம் சாவதாக மதிப்பீடுகள். பிழைத்தவை சோர்ந்து ஊர்கின்றன. பெண் நண்டுகள் முட்டையிடக் கரையேறுவதும் குறைகிறது. ஆசியாவில் ரத்தம் எடுத்த பல நண்டுகள் கடலுக்குத் திரும்புவதே இல்லை, இறைச்சியாகிவிடுகின்றன. சபா கடலிலும் வாழும் பெரிய இனம் 2019-இல் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

ஆனால் மீட்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? பக்கத்துச் சிங்கப்பூரிலிருந்து! சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ போ தம்பதி, நம் சதுப்புநில நண்டின் மரபணு ஒன்றை எடுத்துப் பூச்சி உயிரணுக்களில் வளர்த்தார்கள். நச்சைக் கண்டுபிடிக்கும் அதே புரதம், ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல்! ஐரோப்பா 2021-இல் இந்தச் சோதனையை ஏற்றது. அமெரிக்க மருந்துத் தரநூலில் 2025-இல் இடம்பிடித்தது.

வழி திறந்தாயிற்று. பினாங்கின் ஆலைகள் அதில் முதலில் நடக்கட்டும்! சதுப்புச் சேற்றில் பிறந்த மரபணு ஊரெல்லாம் காக்கும்போது, இந்தச் சேற்று நண்டை நாம் காக்க வேண்டாமா?