மெருகு பிறக்கும் விதம்

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் கருங்கல்லை அறுத்து மெருகிடும் ஆலைகளும் உண்டு. மோட்டார் வண்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறைகளும் உண்டு. இரண்டிலும் நடைபெறுவது ஏறத்தாழ ஒரே வேலைதான்.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், மெருகு என்பது யாது என்று வகுப்பில் கேட்டால், மேலே பூசப்படும் ஒரு பொருள் என்றே பிள்ளைகள் பலர் விடை கூறுவர். அஃது அவ்வாறன்று. அறுத்த கருங்கல் சாம்பல் நிறமாகத் தோன்றும். அதன்மேல் சிறிது நீர் தெளித்துப் பாருங்கள்; உடனே கறுத்துப் பளபளக்கும். நீர் கல்லின் நிறத்தை மாற்றவில்லை. கீறல்களை நிரப்பிப் பரப்பைச் சமமாக்கிற்று, அவ்வளவே. கீறல் மிகுந்த பரப்பில் ஒளி பல திசைகளிலும் சிதறுகிறது. சமமான பரப்பிலோ ஒழுங்காகத் திரும்புகிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ அரை மைக்ரான்; அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கீறல்களின் ஆழத்தை அதற்கும் கீழே குறைத்துவிட்டால் மெருகு தானே தோன்றும். வண்டிக்குத் தடவும் மெழுகும் அந்த நீரைப் போன்றதே. சில மழைக்குப் பின் அது போய்விடும்.

இக்காலத்து வண்டிகளில் வண்ணத்தின்மேல் நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கும். பட்டறையில் அதனைக் கிளியர் கோட் என்பர். தெளித்து உறைந்தபின் அது ஆரஞ்சுத் தோலைப் போல மேடுபள்ளமாக அமைவதுண்டு. நன்கு இறுகிய பிறகு, 1500 எண்ணுள்ள உப்புத்தாளைச் சமமான கட்டையில் சுற்றி, நீர் விட்டுத் தேய்க்கின்றனர். துடைத்து உலரவிட்டால் மேடுகள் மங்கியும் பள்ளங்கள் பளபளத்தும் தெரியும். அந்தப் பளபளப்பான புள்ளிகள் முற்றும் மறைந்தால் பரப்பு சமமாயிற்று என்று அறியலாம். விந்தை என்னவெனில், பளபளப்பை நாடுபவர் முதலில் பளபளப்பை அழிக்க வேண்டியிருக்கிறது! பின்னர் 2000, அதன்பின் 3000. எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும். முந்திய தாள் விட்ட கீறலை அழிப்பதே ஒவ்வொரு தாளின் கடமை. இடையில் ஒன்றைத் தாண்டிச் செல்லும் அவசரக்காரர் கடைசிவரை அந்தக் கீறலோடு போராடுவர். முடிவில் பசை தடவிச் சுழலும் பொறியால் தேய்க்க மெருகு எழும்.

கல்லுக்கு இல்லாத ஆபத்து ஒன்று இங்கே உண்டு. கற்பலகையை எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இருப்பது அதே கல். கிளியர் கோட்டோ பெரும்பாலும் 50 மைக்ரான் அளவே, தலைமயிரைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து வண்ணத்தைக் காப்பதும் அதுவே. அதில் எட்டுப் பத்து மைக்ரானுக்கு மேல் இழந்த வண்டி அன்று கண்ணைப் பறிக்கும். சில கோடைகள் சென்றபின் பூச்சு வெளுத்து உரியத் தொடங்கும். விளிம்புகளில் பூச்சு இன்னும் மெல்லியதாதலால், தேர்ந்த தொழிலாளர் அங்கே தாளை வைப்பதில்லை.

இத்தொழிலைக் கற்க விரும்பும் இளைஞர்கள் வடியும் நீரைக் கவனித்தல் வேண்டும். அது பால்போல வெளுத்திருக்கும் வரை தேய்வது கிளியர் கோட்தான். வண்டியின் நிறம் அதில் கலந்துவிட்டால், அவ்விடத்தில் மீண்டும் வண்ணம் பூசுவதன்றி வேறு வழியில்லை. வெள்ளை வண்டியிலோ இந்த அடையாளமும் கிடையாது. பூச்சின் தடிமனை அளக்கும் கருவியையே அங்கு நம்ப வேண்டும்.