கடைவாய்ப் பல்லுக்கு ஒரு சிட்டிகைச் சிவப்புத் தூள்



பல் மருத்துவப் பிரிவுக்குக் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சாய்வு நாற்காலியும் எக்ஸ்ரே கருவியுமே. பல் கட்டும் வேலையில் உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு புட்டிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. ஒன்றில் சிவப்புத் தூள், மற்றொன்றில் மூக்கைத் துளைக்கும் திரவம். இதற்குப் பேட்டர்ன் ரெசின் என்று பெயர். அக்ரிலிக் பிசின் வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவின் டூராலே, ஜப்பானின் ஜிசி நிறுவனத் தயாரிப்பு ஆகியவை பல் தொழிலில் பழகிய பெயர்கள்.

செம்பரம்பாக்கத்தில் குடியிருந்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாகிவிட்டது. அந்த இடத்தை நிரப்பப் பிரிட்ஜ் கட்ட வேண்டும். அதற்காக இரு பக்கத்துப் பற்களையும் சுற்றிலும் அரைத்துச் சிறிதாக்குவார்கள். அரைத்த எனாமல் மறுபடி வளராது. ஆகவே அவர் மிகவும் விலையுள்ள ஒன்றை முதலிலேயே கொடுத்துவிடுகிறார். சிகிச்சைக்கு அவர் பூந்தமல்லி வழியாகக் கிழக்கே வர வேண்டும். 1988 முதல் நடைபெறும் சவீதா பல் மருத்துவக் கல்லூரி வேலப்பன்சாவடியிலும், மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி மதுரவாயலிலும் உள்ளன. 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போவதென்றால் கோட்டை ரயில் நிலையம் பக்கம் வரை பயணம். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு நாள் சம்பளம் போகும்.

பிரிட்ஜ் எப்படி உருவாகிறது? வாயில் அளவு எடுத்து, கல்போல் இறுகும் மாவில் மாதிரி வார்க்கிறார்கள். அதன்மேல் மெழுகால் பல்லின் வடிவம் செய்து, வெப்பம் தாங்கும் பொடிக் கலவையில் புதைத்து, உலையில் வைக்கிறார்கள். மெழுகு எரிந்துபோன பள்ளத்தில் உருகிய உலோகம் பாய்கிறது. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிற முறையும் அடிப்படையில் இதுவேதான். அங்கே தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்ப்பார்கள். குங்கிலியமும் ஒரு பிசின்தானே! பல் மருத்துவத்தில் இந்த வார்ப்பு முறை பரவியது, 1907-ல் வில்லியம் டாகர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இதை அறிமுகப்படுத்திய பிறகுதான்.

சிலையில் ஒரு நூலிழை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பல்லில் தெரியும். அளவு எடுக்கையில் ஒரு சிறு இழுப்பு, மெழுகைக் கழற்றும்போது ஒரு சிறு வளைவு, உலோகம் குளிரும்போது ஒரு சுருக்கம், இவற்றில் எது நேர்ந்தாலும் உலோகச் சட்டத்தை வாயில் வைத்துப் பார்க்கிற நாளில் அது ஆடும். ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்கும்.

அப்போது மருத்துவர் சட்டத்தை மெல்லிய தட்டு ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார். நோயாளி பயந்துபோவார், பயப்படத் தேவையில்லை. அறுத்த துண்டுகள் தனித்தனியே பல்லில் சரியாக உட்கார்ந்தால் வேலை பிழைத்தது. உட்காராவிட்டால் எந்தப் பிசினாலும் பயனில்லை, புதிதாக அளவு எடுப்பதே நேர்மை. சரியாக உட்கார்ந்தால், துண்டுகளுக்கு நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மெல்லிய தூரிகையைத் திரவத்தில் நனைத்துத் தூளில் தொட்டு, அந்தச் சிறு உருண்டையை மேலே வைத்து இணைக்கிறார். மெழுகால் இணைத்தால் வாயின் சூட்டில் இளகி, வெளியே எடுக்கும்போது வளைந்துவிடும். பிசின் விறைப்பாக நிற்கும். பல்லிலும் உலோகத்திலும் எடுப்பாகத் தெரியட்டும் என்றே அதற்குச் சிவப்பு நிறம்.

பிசினுக்கும் ஒரு குறை உண்டு: இறுகும்போது சுருங்கும். தனித்தனியே திரிந்த மூலக்கூறுகள் கைகோத்து நெருங்கி நிற்பதால் இடம் குறைகிறது. திரவம் மட்டும் இறுகினால் கன அளவில் ஏறக்குறைய 21 சதவிகிதம் சுருங்கும். தூள் முன்பே இறுகிய பொருள் என்பதால் இரண்டும் கலந்தால் சுருக்கம் வெகுவாகக் குறைகிறது. 1990-ல் வெளியான ஓர் ஆய்வில் டூராலே 24 மணி நேரத்தில் 7.9 சதவிகிதம் சுருங்கியது. அதில் 80 சதவிகிதம் முதல் 17 நிமிடங்களுக்குள்ளேயே நடந்துவிட்டது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் கொஞ்சமாக வைத்து, அவசரப்படாமல் காத்திருப்பார்கள். இணைப்பு பெரிதானால், இறுகிய பிசினையே மெல்லியதாக அறுத்து, அந்தக் கீற்றில் மறுபடி ஒரு துளி விட்டு இணைப்பார்கள். இப்போது சுருங்குவது அந்தத் துளி மட்டுமே. எளிய யுக்தி, ஆனால் பொறுமை வேண்டும். காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்து "ஏன் இவ்வளவு நேரம்?" என்று முணுமுணுக்கிறவர்கள் இதை அறிவது நல்லது.

பிறகு சட்டத்தை அப்படியே எடுத்து வெப்பம் தாங்கும் கலவையில் பதித்துச் சூடாக்குவார்கள். பிசின் சாம்பல் மிச்சமின்றி எரிந்துபோகும். அந்த இடைவெளியில், நகை வேலை செய்கிறவர்கள் பொடி வைத்து ஊதுவதுபோலப் பற்றாசை உருக்கி ஓட்டிப் பற்றவைப்பார்கள். மறுபடி வாயில் வைத்துப் பார்த்துச் சரியானால்தான் மேலே பீங்கான். பீங்கான் ஏற்றிய பிறகு குறை தெரிந்தால் செலவும் சிரமமும் மிக அதிகம். ஆகவே "சட்டம் மட்டும் பார்க்க வாருங்கள்" என்று மருத்துவர் சொன்னால் அந்த வருகையைத் தவறவிட வேண்டாம்.

இந்நாட்களில் கணினி மூலம் கடைந்தெடுக்கும் சிர்கோனியா பிரிட்ஜ்கள் பெருகியுள்ளன. அழகானவை, உறுதியானவை. என்றாலும் அவற்றை இப்படி அறுத்துப் பற்றவைக்க முடியாது. பொருந்தாவிட்டால் புதிதாகவே செய்ய வேண்டும். உலோகச் சட்டத்துக்கு உள்ள இந்த வசதியை லேசாக எண்ணக் கூடாது என்பது எம் கருத்து.

பிரிட்ஜ் வரும்வரை அரைத்த பற்களை மூடிவைக்கத் தற்காலிக உறை போடுவார்கள். இதுவும் பெரும்பாலும் இதே அக்ரிலிக் குடும்பம்தான். மும்பையின் டிபிஐ நிறுவனம் இத்தகைய தூள்களை நம் நாட்டிலேயே தயாரிக்கிறது. இறுகும்போது சூடு எழும்பும். அந்தச் சூடு பல்லின் உயிர்ச்சதையைத் தாக்காதிருக்க, முழுவதும் இறுகுமுன் கழற்றித் தண்ணீரில் ஆற்றுவார்கள். ஓரம் குறைந்தாலோ விரிசல் விட்டாலோ, அதே தூளும் திரவமும் தூரிகையால் தொட்டு வைத்துப் பழுதுபார்க்கலாம். சில நிமிட வேலை.

இந்த உறை கழன்றால் பலர் கடையில் விற்கும் உடனடிப் பசையால் வீட்டிலேயே ஒட்டிக்கொள்கிறார்கள். அது ஈறைப் புண்ணாக்கும், உறையும் கோணலாகிவிடும். உறையில்லாமல் விட்டாலோ சில நாட்களில் பற்கள் மெல்ல நகர்ந்து, தயாராகி வரும் பிரிட்ஜ் பொருந்தாமல் போகும். கழன்ற உறையைக் கழுவிச் சிறு டப்பாவில் போட்டு, கூடிய சீக்கிரம் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதுவரை மறுபக்கம் மெல்லுங்கள்.