மரமில்லா வெளியில் ஒரு குடும்பப் பயணம்



பயணம் என்ற சொல் எம்மில் பலருக்கு மகிழ்ச்சியை நினைவூட்டுவதில்லை. மூட்டை முடிச்சுகள், உழவு இயந்திரப் பெட்டி, இடுப்பில் பிள்ளை, வழியில் அவிழ்த்துவிட்டு வந்த மாடு, இவைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அப்படியான பயணங்களை மட்டுமே அறிந்த எனக்கும் என் அம்மாவுக்கும், கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் வேறுவிதமான ஒரு பயணம் வாய்த்தது. அதை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

என் தங்கை குடும்பத்துடன் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் வசித்து வந்தாள். நாங்கள் அவளைப் பார்க்கப் போயிருந்த நேரம் அவளது கணவருக்குப் பேர்த் நகருக்கு வேலை மாற்றம் வந்தது. சாமான்களை லொறியில் ஏற்றிவிட்டு, தங்கை, கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா, நான் என ஆறு பேரும் வாகனத்தில் புறப்பட்டோம். தூரம் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். நான்கு நாட்கள் எடுத்தன. பாதித் தூரம் தங்கையே வாகனத்தை ஓட்டினாள்.

முதலில் தண்ணீர்

போர்ட் ஒகஸ்ரா என்ற ஊரிலிருந்து நோர்ஸ்மன் வரை செல்லும் வீதிக்கு ஏர் நெடுஞ்சாலை என்று பெயர். நீளம் ஏறக்குறைய 1,660 கிலோமீற்றர். 1841 இல் இவ்வழியே மேற்கு நோக்கிச் சென்ற எட்வேர்ட் ஜோன் ஏர் என்ற ஆங்கிலேயரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அவருடன் கடைசிவரை நடந்து சென்றவர் வைலி என்ற பழங்குடி இளைஞர். வீதிக்கு அவர் பெயர் இல்லை. 1976 இல்தான் இவ்வீதி முழுவதும் தார் போடப்பட்டது.

வீதி கடக்கும் சமவெளியின் பெயர் நலர்போர். இலத்தீன் மொழியில் 'மரம் இல்லை' என்று பொருள். அதன் பரப்பளவு ஏறக்குறைய 2 இலட்சம் சதுர கிலோமீற்றர். எமது இலங்கையைப் போல மூன்று மடங்கு. வீதியோரத்தில் பெரும்பாலும் பற்றைகளும் குட்டை மரங்களும் நிற்கின்றன. சில இடங்களில் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரமும் இல்லை.

அந்த நிலம் சுண்ணாம்புக்கல் என்று மைத்துனர் சொன்னபோது அம்மா நிமிர்ந்து இருந்தார். யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புக்கல் தரைதானே! பெய்யும் மழையைக் கல் உறிஞ்சிவிடுவதால் இரண்டு இடத்திலும் ஆறு இல்லை. ஆனால் எமக்கு மாரி மழை உண்டு. கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறும். அங்கே மழை மிகக் குறைவு, நிலத்தடி நீரும் உவர்.

ஆகவே 40 லீற்றர் தண்ணீர், மேலதிக ரயர், மருந்துப் பெட்டி, இரண்டு நாள் உணவு ஆகியவற்றை ஏற்றிக்கொண்டோம். நெடுந்தூரத்துக்குக் கைத்தொலைபேசி வேலை செய்யாது என்பதால், எங்கே எப்போது நிற்போம் என்பதை நண்பர் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டே புறப்பட்டோம். கங்காருகள் வீதிக்குக் குறுக்கே பாயும் என்பதால் இருட்டுவதற்கு முன் தங்குமிடம் போய்ச் சேர்ந்தோம். அம்மா மட்டும் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தண்ணீர்க் கலன்களை எண்ணிப் பார்த்தார்.

யலாட்டாவில் கேட்ட கதை

செடூனா என்ற கடலோர ஊரைத் தாண்டி ஏறக்குறைய 200 கிலோமீற்றர் போனால் யலாட்டா என்ற பழங்குடிக் கிராமம் வரும். அதன் கதையை மைத்துனர் சொன்னார்.

அங்கு வாழும் அனங்கு மக்களின் சொந்த இடம் அதுவல்ல. வடக்கே ஊல்டியா என்ற நீரூற்றை அண்டியும் அதற்கப்பாலும் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1952 இல் ஊல்டியாவில் இருந்த மிஷன் மூடப்பட, அவர்கள் யலாட்டாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். பின்னர் அவர்களது நிலத்தில், மரலிங்கா என்ற இடத்தில், பிரித்தானியா 1956, 1957 ஆம் ஆண்டுகளில் ஏழு அணுகுண்டுகளை வெடித்துப் பரிசோதித்தது. சிறிய பரிசோதனைகள் 1963 வரை நடந்தன. மண்ணில் புளுட்டோனியம் கலந்தது.

1957 இல் ஒரு பழங்குடிக் குடும்பம், எதுவும் தெரியாமல், குண்டு வெடித்த குழியருகே இரவு தங்கியது. அந்தத் தாய் அப்போது கர்ப்பிணி. குழந்தை இறந்தே பிறந்தது. பல ஆண்டுகளின் பின் 1984–85 இல் அரச விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டபோது அந்தத் தாய் சாட்சி சொன்னார்.

வாகனத்துக்குள் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அம்மா கேட்டார்: "தம்பி, அந்தச் சனத்துக்குத் தங்கட காணி திரும்பக் கிடைச்சுதே?"

"கிடைச்சது மாமி. ஆனா ஒரேயடியாக் குடுக்கேல்லை."

1984 இல் ஒரு சட்டத்தின் மூலம் பெரும்பகுதி நிலம் அவர்களுக்கு உரித்தாக்கப்பட்டது. குண்டு வெடித்த பகுதியைத் துப்புரவாக்கும் வேலை 2000 ஆம் ஆண்டில்தான் முடிந்தது. அந்தக் கடைசித் துண்டு 2009 மார்கழியில் கையளிக்கப்பட்டது.

2009 என்றதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் முகாமில் இருந்த ஆண்டு அது.

பழம் தேடிய சாவடி

கடலோரமாக வந்தபோது பிள்ளைகள் திமிங்கிலம் பார்க்க ஆசைப்பட்டார்கள். குளிர்காலத்தில் குட்டி ஈனுவதற்காகத் தாய்த் திமிங்கிலங்கள் அந்தக் குடாவுக்கு வரும். மலைமுகட்டில் நின்று, தாயும் குட்டியும் அருகருகே மிதப்பதைக் கண்டோம். "குட்டி வளருமட்டும் தாய் இஞ்சைதான் நிக்குமாம், அம்மம்மா," என்று மருமகள் விளக்கினாள்.

மாநில எல்லையில் ஒரு சோதனைச் சாவடி. வாகனம் நின்றதும் அம்மா பழக்கதோஷத்தில் கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்தார். அங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. பழம், மரக்கறி, தேன் இருக்கிறதா என்றுதான் அதிகாரி கேட்டார். பயிர்நோய்களும் பூச்சிகளும் மறு மாநிலத்துக்குப் பரவாமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது. மிஞ்சியிருந்த நான்கு அப்பிள்களைக் கொடுத்தோம். அவர் நன்றி சொல்லிக் கையசைத்தார். அந்த நெடுஞ்சாலையில் எங்களை நிறுத்திய ஒரே சாவடி அதுதான்.

வளைவில்லாத வீதி

கைகூனாவுக்கும் பல்லடோனியாவுக்கும் இடையில் வீதி 146.6 கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு வளைவும் இல்லாமல் நேரே போகிறது. ஒன்றரை மணித்தியாலத்தில் கடந்துவிட்டோம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதி ஏறக்குறைய 50 கிலோமீற்றர். 2009 இல் அந்த வழியே இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நாங்கள் போனது மாதக்கணக்கில். தூரம் என்பது கிலோமீற்றரில் இல்லை என்பதை அன்று மீண்டும் உணர்ந்தேன்.

நெடுஞ்சாலையில் சில இடங்களில் வீதியின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் போடப்பட்டிருந்தன. பறக்கும் வைத்தியர் சேவையின் விமானங்கள் அவசரத்துக்கு இறங்கும் இடங்கள் அவை. 1928 இல் ஆரம்பிக்கப்பட்ட சேவை இது. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணையும் விபத்தில் காயப்பட்டவரையும் வானத்தால் வந்து ஏற்றிச் செல்வார்கள். வானத்தில் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய எமக்கு, விமானத்தை எதிர்பார்த்து வீதியைத் தயாராக வைத்திருக்கும் ஊர் புதுமையாக இருந்தது.

எமக்கான பாடம்

சகோதரிகளே, வெறுமையாகத் தெரியும் நிலத்துக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்பதை இப்பயணத்தில் கண்டேன். பாலைவனம்தானே, யார் இருக்கப் போகிறார்கள் என்று எண்ணியவர்கள்தான் அங்கே குண்டு வைத்தார்கள். பற்றை மூடிக் கிடக்கும் எமது காணிகளையும் பார்ப்பவர்கள் அப்படி எண்ணலாம். அனங்கு மக்களிடம் உறுதி இல்லை, வரைபடம் இல்லை. எந்த ஊற்று எங்கே, எந்த வழியே போனார்கள், யார் எங்கே பிறந்தார்கள் என்ற ஞாபகம் இருந்தது. அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், கேட்டவர்களிடமும் சொன்னார்கள்.

எம்மில் இன்னும் காணிக்குத் திரும்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரிப் பற்றுச்சீட்டு, குடும்ப அட்டை எது கையில் இருந்தாலும் பிரதி எடுத்து, பொலித்தீன் உறையில் இட்டு, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். எதுவுமே இல்லையென்றால் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுங்கள். காணியின் நான்கு எல்லைகள், கிணறு இருந்த மூலை, நின்ற பனைகள், அயலவர் பெயர்கள், குடியேறிய ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். கண் தெரியாத ஆச்சி சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும். திகதியிட்டு ஒப்பமிடுங்கள். அது உறுதிக்கு ஈடாகாது. ஆனால் விண்ணப்பம் எழுதும் நாளில் எங்கே தொடங்குவது என்று திகைக்க வேண்டியிராது.

பேர்த் போய்ச் சேர்ந்த மறுநாள், அம்மா மருமகளைப் பக்கத்தில் இருத்தி எங்கள் காணியைச் சொல்லத் தொடங்கினார். கிழக்கு எல்லையில் நின்ற இலுப்பை மரத்தை எப்படி எழுதுவது என்று அவள் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார்.