உரத்தீவின் பறவைகளை எண்ணுவது எப்படி?

ஜொகூரின் தென்கிழக்கு முனைக்கு அப்பால், சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் இருக்கிறது பூலாவ் பத்து பூத்தே. 2008ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், அனைத்துலக நீதிமன்றம் அந்தப் பாறைத்தீவு சிங்கப்பூருக்கு உரியது என்று தீர்ப்பளித்ததை நாம் அறிவோம். ஆனால், ‘வெள்ளைப் பாறை’ என்ற அதன் மலாய்ப் பெயர் எப்படி வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கடற்பறவைகளின் எச்சம் படிந்து பாறை வெளுத்திருந்ததே காரணம்.

பறவை எச்சத்துக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. மலேசிய ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் நெடுங்காலம் பயன்பட்ட உரங்களுள் ஒன்று கிறிஸ்துமஸ் தீவுப் பாஸ்பேட். தோட்டப்புறத்தில் வேலை செய்த நம் முன்னோர் பலரின் கைகளில் பட்ட உரம் அது. பன்னெடுங்காலமாகச் சேர்ந்த கடற்பறவை எச்சமே அதன் மூலம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

கிறிஸ்துமஸ் தீவு, ஜாவாவுக்குத் தெற்கே ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தொலைவில் இந்தியப் பெருங்கடலில் உள்ளது. பரப்பளவு சுமார் 135 சதுர கிலோமீட்டர். 1958ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்படும்வரை அது சிங்கப்பூரின் நிர்வாகத்தில் இருந்தது. அபோட் பூபி என்னும் கடற்பறவை இன்று உலகிலேயே அந்த ஒரு தீவில் மட்டும்தான் குஞ்சு பொரிக்கிறது. முன்பு செஷல்ஸ் நாட்டைச் சேர்ந்த அசம்ப்ஷன் தீவிலும் இப்பறவை இருந்தது. எச்ச உரத்திற்காக அத்தீவைத் தோண்டியதில், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அங்கு அழிந்துபோனது.

வெள்ளை உடலும் கறுப்பு இறக்கைகளும் கொண்ட இப்பறவை, உயர்ந்த மழைக்காட்டு மரங்களின் உச்சியில் கூடு கட்டுகிறது. பாஸ்பேட் எடுக்க வெட்டப்பட்டதும் அதே காடுதான். ஆகவே, ‘எத்தனை பறவைகள் எஞ்சியுள்ளன?’ என்ற கேள்விக்குச் சரியான விடை வேண்டியிருந்தது.

எண்ணுவதில் அப்படி என்ன சிரமம் என்று கேட்கலாம். வானில் பறப்பவற்றை எண்ணிப் பயனில்லை. ஒரே பறவை பலமுறை கண்ணில் படும், இரை தேடிப் போனவை கணக்கில் வரா. எனவே ஆய்வாளர்கள் பறவையை விட்டுவிட்டுக் கூட்டை எண்ணுகிறார்கள். பறவையோ குஞ்சோ இருக்கும் ஒரு கூடு, ஓர் இணைக்குச் சமம்.

ஆனால், இலைகளுக்கு நடுவே உள்ள கூடு எல்லார் கண்ணுக்கும் தெரிவதில்லை. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரே காட்டுப் பகுதியை இருவர் தனித்தனியே சுற்றி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 80 கூடுகளையும் இரண்டாமவர் 60 கூடுகளையும் காண்கிறார்கள். அவற்றுள் 48 இருவரும் கண்டவை. 80ஐ 60ஆல் பெருக்கி 48ஆல் வகுத்தால் 100 வரும். இருவரும் சேர்ந்து கண்டவை 92; இருவர் கண்ணுக்கும் தப்பியவை ஏறத்தாழ 8. யாருமே காணாததையும் கணக்கில் சேர்க்க இது உதவுகிறது. எவராலும் காண முடியாத உயரத்தில் கூடுகள் இருந்தால் மட்டும் இக்கணக்கும் குறைவாகவே காட்டும். அதனால்தான் ஹெலிகாப்டரிலிருந்து காட்டின் மேற்பரப்பைப் பார்த்து எண்ணும் முறையும் உண்டு.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. அபோட் பூபி ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சை வளர்த்து ஆளாக்க நெடுங்காலம் ஆவதால், வெற்றி பெற்ற இணை அடுத்த ஆண்டு முட்டையிடாது. ஆகவே, இவ்வாண்டு கூடுகள் குறைந்திருந்தால் பறவைகள் குறைந்துவிட்டன என்று பொருளல்ல. சென்ற ஆண்டு குஞ்சுகள் நன்றாகப் பிழைத்திருக்கலாம்! ஓராண்டுக் கணக்கை வைத்து முடிவெடுத்தால் நல்ல செய்தியையே கெட்ட செய்தியாகப் படித்துவிடுவோம்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. இவை நீண்ட ஆயுள் கொண்டவை. குஞ்சுகள் தொடர்ந்து இறந்தாலும், முதிர்ந்த பறவைகள் பல ஆண்டுகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். எனவே, எண்ணிய கூட்டுக்கே சில மாதங்கள் கழித்துத் திரும்பிச் சென்று, குஞ்சு பிழைத்ததா என்று பார்க்க வேண்டும். இப்படித் தொடர்ந்து கவனித்ததால்தான் ஓர் உண்மை தெரியவந்தது: சுரங்கத்திற்காகக் காடு வெட்டப்பட்ட திடல்களை ஒட்டிக் காற்று கொந்தளித்து வீசுகிறது, அருகில் மரங்கள் நின்றாலும் அவற்றிலுள்ள கூடுகள் பாதிக்கப்படுகின்றன. கீழே விழும் குஞ்சு பிழைப்பதில்லை. வெட்டிய மரங்களை மட்டும் கணக்கிட்டிருந்தால் இந்த இழப்பு வெளியே தெரிந்திராது.

பிரயன் நெல்சன் 1967இல் இப்பறவையை அங்கு ஆராய்ந்தார். 1980இல் தேசியப் பூங்கா அமைந்தது. 1987இல் சுரங்கம் மூடப்பட்டது. பின்னர் மீண்டும் திறக்கப்பட்டபோது, புதிதாக மழைக்காட்டை அழிக்கக்கூடாது என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 2,500 இணைகள் இருந்தன. உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான்.

நம் தீபகற்பத்தின் கிழக்குக் கரைத் தீவுகளிலும் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. அடுத்த விடுமுறையில் மெர்சிங்கிலிருந்து படகேறும் மாணவ நண்பர்கள், பாறைகளில் அமர்ந்திருக்கும் பறவைகளைத் தொலைவிலிருந்தே எண்ணிப் பாருங்கள். அருகில் செல்லாதீர்கள், தாய்ப்பறவை எழுந்து பறந்தால் வெயிலில் முட்டை கெட்டுவிடும். நாளும் நேரமும் இடமும் குறித்து வையுங்கள். பத்தாண்டு கழித்து வேறொருவர் அங்கு சென்று எண்ணும்போது, ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் குறிப்பு அவருக்குத் தேவைப்படும்.